மாமனாரின் செயின்மேன்

ஜூன் 3, திங்கள்

முதியோர் இல்லத்தில் சேர்வதற்கு ஒரு முதியவருக்கு இருக்க வேண்டிய முதல் தகுதி, அவர் முதியவராக இல்லாமல் இருப்பது. இதை இன்று தெரிந்துகொண்டேன்.

தென்காசிச் சாலையில் ‘பொன்மாலை’ என்று ஓர் இல்லம். பெயரே பல்லைக் கூச வைக்கிறது. விண்ணப்பத்தில் விதி போட்டிருக்கிறார்கள்: யாரும் பிடிக்காமல் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார வேண்டும், இருபது அடி நடந்து திரும்ப வேண்டும். படுத்த படுக்கையானவர்களைச் சேர்ப்பதில்லை. ஆகஸ்ட் 16 அன்று வீட்டுக்கே வந்து சோதிப்பார்களாம்.

என் மாமனார் ஆவுடையப்பனுக்கு எழுபத்தொன்பது. ஓய்வுபெற்ற சர்வேயர். மூன்று வருடமாக ஞாபகம் கழன்றுகொண்டே வருகிறது. அத்தை போன பிறகு அம்பாசமுத்திரத்திலிருந்து இங்கே, பாளையங்கோட்டைக்குக் கூட்டி வந்தோம். இந்த நான்கு மாதத்தில் அவர் போன அதிகபட்ச தூரம் கட்டிலிலிருந்து பிரம்பு நாற்காலி வரை. மறதியைத் திருப்ப முடியாது, ஆனால் கால்களைத் திருப்ப முடியும் என்கிறார் டாக்டர். தினமும் பயிற்சி கொடுத்தால் தூக்கம் வரும், படபடப்பு குறையும், விழுவது குறையும் என்றார்.

ஆக, மாமாவை வெளியே அனுப்ப வேண்டுமென்றால் முதலில் அவரை நானே எழுப்பி நிறுத்த வேண்டும்.

என் மனைவி வடிவு காலை ஏழு நாற்பது பஸ்ஸில் தூத்துக்குடி வங்கிக்குப் போனால் இரவுச் சாப்பாட்டுக்குத்தான் வருகிறாள். “பகல் பூரா நீங்கதான் அவியகூட இருக்கிய. முடிவும் நீங்களே எடுங்க” என்றாள். இந்த வாக்கியத்துக்குப் பல பொருள் உண்டு. எனக்கு வசதியானதை எடுத்துக்கொண்டேன்.

பயிற்சிகளைத் தினமும் குறித்து வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கியவன், இருபத்தாறு வருடம் கல்லூரியில் பாடம் நடத்தியவன், என்னிடம் படித்த பயலைத் துறைத் தலைவராக்கினார்கள் என்பதற்காக விருப்ப ஓய்வு வாங்கி வந்தவன், இனிமேல் ஒரு கிழவர் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழுந்தார் என்று எண்ணப்போகிறேன். துறைத் தலைவர் கேள்விப்பட்டால் மகிழ்வார்.

ஜூன் 5, புதன்

பிசியோதெரபிஸ்ட் ஜெசிந்தா வந்தாள். வாரம் ஒருமுறை வருவாள். ஒரு தாள் கொடுத்தாள். அதில் ஒரு கிழத் தம்பதி நீல ரப்பர் பட்டையை இழுத்தபடி வாய் கொள்ளாமல் சிரிக்கிறார்கள். அந்த வயதில் அப்படிச் சிரிப்பவர்களைத்தான் முதலில் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

நாற்காலியைப் பிடித்துக் குதிகாலைத் தூக்குவது. உட்கார்ந்து எழுவது. பந்து எறிந்து பிடிப்பது. ஒரு நேரத்தில் ஒரு சொல்தான் சொல்ல வேண்டும். கூடவே நாமும் செய்து காட்ட வேண்டும். தப்பைத் திருத்தக் கூடாது.

“தாத்தா, எந்திரிங்க பாப்போம்!”

“நீ யாரு தாயி? மனு கொண்டாந்தியா?”

“எக்சர்சைஸ் பண்ணுவோமா தாத்தா?”

“ஆபீஸ்ல குடுத்துட்டுப் போ. பாக்கேன்.”

பந்தைக் கையில் கொடுத்தாள். நாற்காலிக்கு அடியில் பத்திரமாக வைத்துவிட்டார்.

போகும்போது ஜெசிந்தா சொன்னாள்: “சார், அவங்களுக்கு முன்னாடியே பழக்கமானது எதையாவது செய்ய வைங்க. மூளை மறந்தாலும் கை கால் சிலதை மறக்காது.” அவருக்குப் பழக்கமானது என்னை அவமானப்படுத்துவது ஒன்றுதான் என்று நான் சொல்லவில்லை.

ஜூன் 6, வியாழன்

எழுந்தது: 0. நடந்தது: 0. பந்து: ஒருமுறை, என் மூக்கில்.

ஜூன் 9, ஞாயிறு

எழுந்தது 0 என்று எழுதி எழுதிச் சலித்துவிட்டது. வேறு எழுதுகிறேன்.

2003, இந்த வீட்டுப் பால்காய்ப்பு. நூறு பேர் இருந்தார்கள். என் பேராசிரியர் வந்திருந்தார். பட்டம் வாங்கிய புதிது. எல்லோரும் என்னை டாக்டர் டாக்டர் என்று அழைத்துக்கொண்டிருந்தார்கள். நானும் வேண்டாமென்று சொல்லவில்லை. சாப்பாட்டுப் பந்தி தொடங்கும் நேரம், மாமா பையிலிருந்து அளவைச் சங்கிலியை எடுத்தார். எவனும் கேட்கவில்லை. மனையை முன்பக்கம் அளந்தார். பிறகு பந்தி முழுக்கக் கேட்கும்படி அறிவித்தார்:

“நாப்பது அடி மனையில ஒன்றரை அடி கொறையுது. படிச்சவியளை ஏமாத்துறது லேசு!”

பந்தி சிரித்தது. என் பேராசிரியர் பாயசத்தைப் பார்த்துக்கொண்டு சிரித்தார்.

மனை விற்றவனோடு ஒரு வருடம் சண்டை போட்டேன். அளவு சரிதான் என்று சாதித்தான். பொய்யன் என்று நினைத்தேன். பால்காய்ப்பு முடிந்த வாரமே, மாமா காட்டிய கல்லை வைத்து, பக்கத்து வீட்டுப் பக்கம் ஒன்றரை அடி உள்ளே தள்ளிக் காம்பவுண்டுச் சுவர் எழுப்பியிருந்தேன். இருபத்தொரு வருடமாகச் சைக்கிளை நிறுத்தினாலும் துணி காயப்போட்டாலும் அந்த ஒன்றரை அடி இடிக்கிறது. அதற்குப் பிறகு நான் அம்பாசமுத்திரம் போனது அத்தையின் சாவுக்கு மட்டும்தான்.

அவர் இப்போது எல்லாவற்றையும் மறந்துவிட்டார். கொடுத்து வைத்தவர்.

ஜூன் 14, வெள்ளி

எழுந்தது: 1. எழுத்துப் பிழை அல்ல.

துணிக்கொடி அறுந்துவிட்டது. புது நைலான் கயிறு வாங்கி வந்து முற்றத்தில் கட்டிக்கொண்டிருந்தேன். ஒரு முனை நழுவி மாமாவின் காலடியில் விழுந்தது. குனிந்து எடுத்தார். நாற்காலியின் கையைப் பிடிக்காமல், யாருடைய உதவியும் இல்லாமல், எழுந்து நின்றார். நான்கு மாதமாகக் கேட்காத ஒரு குரல் வந்தது.

“ஏல பேச்சி! தொய்யுதுலே. இழுத்துப் பிடி!”

இழுத்துப் பிடித்தேன். வேறென்ன செய்ய?

“கம்பு நட்டாச்சா?”

“ம்.”

“என்னலே ம்மு? வாயில என்ன வச்சிருக்க?”

“நட்டாச்சு சார்.”

முற்றத்தின் குறுக்கே ஒன்பது எட்டு எடுத்து வைத்து நடந்தார். நடந்தார்!

இரவு வடிவிடம் கேட்டேன், பேச்சி யாரென்று. “பேச்சிமுத்து அண்ணன். அப்பாவோட செயின்மேன். இருபது வருசம் சங்கிலியோட மறு முனையைப் புடிச்சவுக. அவுக செத்தே பத்து வருசம் ஆச்சே. அப்பா அவுகளைத் திட்டாத நாள் கெடையாது. அவுக சாப்பிடாம அப்பா சாப்பிட்ட நாளும் கெடையாது.”

பதவி உயர்வு கிடைக்காதவனுக்குக் கடைசியில் ஒரு நியமனம் கிடைத்தது. செத்தவனின் இடம்.

ஜூன் 19, புதன்

கயிற்றில் பத்தடிக்கு ஒரு சிவப்புத் துணி முடிந்திருக்கிறேன். பழைய சங்கிலியில் பித்தளை வில்லை இருக்குமாம்.

முறை இதுதான். காலை ஆறரைக்கு நான் வாசலில் நின்று “சார், வெயில் ஏறுறதுக்குள்ள முடிச்சிருவோம்” என்பேன். அவர் எழுவார். நான் மறு முனையில் குச்சி ஊன்றுவேன். அளவைச் சொல்வேன். அவர் உட்கார்ந்து பழைய டைரியில் எழுதுவார். மறுபடி எழுவார். எழுதுவதற்கு உட்கார்வது, அளப்பதற்கு எழுவது. ஜெசிந்தாவின் தாளில் இருக்கும் அதே பயிற்சி, சிரிப்பு மட்டும் கிடையாது.

எழுந்தது: 6. வசவு: 11.

ஜெசிந்தா கை தட்டினாள். “சூப்பர் சார்! நீங்களே கண்டுபிடிச்சிட்டீங்க!” என்றாள். என் ஆய்வேட்டுக்குக்கூட யாரும் கை தட்டியதில்லை.

ஜூன் 26, புதன்

முற்றம் போதவில்லை. தெருவில் இறங்கினோம்.

இதில் ஒரு சங்கதியை நான் யோசிக்கவில்லை. தொப்பி வைத்த ஒரு பெரியவர் சாலையின் நடுவே நின்று கயிறு பிடித்து அளக்கிறார். படித்தவன் போலத் தோன்றும் ஒருவன் குச்சி ஊன்றி எண்களைக் கத்துகிறான். எங்கள் தெருவில் சாலையை நோக்கி நகராத வீடு ஒன்றுமில்லை. ஒருவர் சரிவுப் பாதையை மூன்றடி நீட்டியிருக்கிறார். ஒருவர் சாக்கடைமேல் பூந்தோட்டம் போட்டிருக்கிறார்.

பதினோராம் நம்பர் டீச்சரம்மா வெளியே வந்தார். “சார், மாநகராட்சியில இருந்தா?”

“பயிற்சிதான்” என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

“பயிற்சியா! அப்போ பெறகு நெசமாவே வருவாங்களா?”

அதற்குள் மாமா அவருடைய பூந்தொட்டிகளை நோக்கிக் கையை நீட்டினார். “இது யாரு புறம்போக்குல தோட்டம் போட்டது? ஏல பேச்சி, குறிச்சுக்கோ.”

குறித்துக்கொண்டேன். இவ்வளவு ஆனந்தமாக நான் எதையும் குறித்ததில்லை.

ஜூன் 28, வெள்ளி

பூந்தொட்டிகளைக் காணோம். சரிவுப் பாதையை ஒருவர் தாமாகவே உடைத்துக்கொண்டிருக்கிறார். பக்கத்து வீட்டுச் சிவகடாட்சம், கருவூலத்தில் கண்காணிப்பாளராக இருந்தவர், பத்து வருடமாக என்னிடம் பேசாதவர், கால் கிலோ அல்வாவோடு வந்தார்.

“பெரியவர் நல்லா இருக்காரா வே? நம்ம வீட்டுப் பக்கமும் அளப்பியளோ?”

“அது சார் முடிவு பண்ணணும்” என்றேன்.

இருவரும் மாமாவைப் பார்த்தோம். மாமா அல்வாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூலை 7, ஞாயிறு

எழுந்தது: 10. நடந்தது: தெரு முனை வரை. வசவு: எண்ணவில்லை.

ஞாயிறு என்பதால் வடிவு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: “நீங்க அப்பாகூட சிரிச்சிய.”

வெயில் கண்ணில் அடித்தால் முகம் அப்படித்தான் கோணும் என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டாள். வங்கியில் பொய்க் கையெழுத்தைப் பார்ப்பவள்.

பொன்மாலைக்கு நான் போனில் பேசி, நல்ல முன்னேற்றம் என்று தெரிவித்தேன். ஜன்னலோர அறை ஒன்று ஒதுக்கி வைக்கிறார்களாம். அங்கே அளப்பதற்கு இடம் உண்டா என்று கேட்டேன். எதற்கு என்றார்கள். சும்மா என்றேன்.

ஜூலை 16, செவ்வாய்

மோசமான நாள். வேட்டியை நனைத்துவிட்டார். மாற்ற விடவில்லை. அத்தையைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். நான் பேச்சி என்றாலும் கேட்கவில்லை, மாப்பிள்ளை என்றாலும் கேட்கவில்லை. என் கையைத் தட்டிவிட்டார். கயிறு எடுத்து வந்து ஒரு முனையைக் கையில் கொடுத்தேன். கீழே போடவில்லை. அரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தோம், ஆளுக்கொரு முனை.

எழுந்தது: 0. நோய் இப்படித்தான், நேற்று வந்தது இன்று வராது என்று போனில் சொன்னாள் ஜெசிந்தா. இந்தப் பெண் சொல்வது பெரும்பாலும் சரியாக இருப்பது எரிச்சலாக இருக்கிறது.

ஜூலை 28, ஞாயிறு

எழுந்தது: 12.

இன்றைக்கு எங்கள் வீட்டு முன்பக்கம். அவராகவேதான் ஆரம்பித்தார். கயிற்றின் முனையைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக வந்தவர், நிற்காமல் சிவகடாட்சத்தின் கேட்டைத் திறந்து உள்ளே போனார். சுவரை ஒட்டிச் சிவகடாட்சம் ஒரு பித்தளை அண்டாவைக் கவிழ்த்து வைத்திருந்தார். எத்தனையோ வருடமாக அது அங்கேதான் கிடக்கிறது. மாமா அதைக் காலால் தள்ளினார். அடியில் ஒரு கல். தலையில் சர்வே வெட்டுக்குறி.

சிவகடாட்சம் பல் தேய்த்தபடி வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். வாயில் நுரை.

“பாத்தியாலே” என்றார் மாமா. “இதுதான் நெசக் கல்லு.”

“எந்த நெசக் கல்லு சார்?”

“உனக்குத் தெரியாதாக்கும்! மருமவன் வீட்டுல நான் அளந்தது மனைக்காரன் நட்ட கல்லுல இருந்து. இந்தக் கல்லு சல்லிக் குவியலுக்கு அடியில கெடந்துது. கணக்கு இடிக்குதேனு பத்து நாள் கழிச்சு நீயும் நானும் வந்து தோண்டிப் பாக்கலையா? மனை சரியா நாப்பது அடி. அதுக்குள்ள அவிய சுவரு வச்சிட்டாவ.”

கயிறு என் கையில் தொய்ந்தது. இந்த முறை அவர் திட்டவில்லை.

“அப்போ மருமகன்கிட்ட சொல்லலையா சார்?”

“எப்பிடிலே சொல்லுவேன்? நூறு பேருக்கு முன்னால சொன்னதை ஒத்தையில போயி இல்லைனு சொல்லவா?” கல்லைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “என்னத்துக்கு அளந்தேன்? எல்லாவனும் அவியளை டாக்டரு டாக்டருங்கான். என்னை ஒரு பய சாப்பிட்டியானு கேக்கலை. அதான் சங்கிலிய எடுத்துட்டேன்.”

பிறகு என் தோளில் கை வைத்தார். வலது கை. நன்றாகக் கனக்கிறது.

“நீ போயி மருமவன்கிட்ட சொல்லிருலே. நான் சொன்னேன்னு சொல்லாத.”

ஜூலை 29, திங்கள்

பயிற்சி இல்லை.

ஜூலை 30, செவ்வாய்

பயிற்சி இல்லை. இருபத்தொரு வருடமாக நான் காப்பாற்றி வந்த கோபம் சரியான கோபம்தான் என்று இப்போது ஆதாரம் கிடைத்திருக்கிறது. ஆனால் போய்க் கத்துவதற்கு அந்தப் பக்கம் ஆள் இல்லை. பதில் சொல்ல வேண்டியவர் ஆறரைக்கே தொப்பியைப் போட்டுக்கொண்டு கேட்டையே பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்.

நான் காப்பி கொடுத்தேன். “பேச்சி வரலியோ?” என்று என்னிடமே கேட்டார்.

“லீவு” என்றேன்.

“சொல்லாம லீவு போட மாட்டானே. மேலுக்கு முடியலையோ என்னமோ.”

ஜூலை 31, புதன்

பயிற்சி இல்லை. குளியலறைக்குப் போகும்போது மாமாவுக்குத் தொடை நடுங்கியது. சுவரைப் பிடித்தார். மூன்று நாளில் இவ்வளவா? ஜெசிந்தா என்னை ஒரு பார்வை பார்த்தாள்.  

சிவகடாட்சம் இரண்டு தடவை அல்வா கொண்டு வந்தார்.

ஆகஸ்ட் 1, வியாழன்

எழுந்தது: 4. கஷ்டப்பட்டு.

“எங்கலே போன மூணு நாளா?”

“மேலுக்கு முடியலை சார்.”

“மருந்து சாப்பிட்டியா?”

“சாப்பிட்டேன் சார்.”

பத்தடி நடந்தோம். அப்புறம் நானாகத்தான் சொன்னேன். எவனும் கேட்கவில்லை.

“சார், உங்க மருமகன்கிட்ட சொல்லிட்டேன்.”

நின்றுவிட்டார். “என்ன சொன்னாவ?”

“ஒண்ணும் சொல்லலை.”

“கோவப்பட்டாவளா?”

“ஆமா சார். மூணு நாள்.”

“படட்டும். மூணு நாள் கம்மிதான்.” கயிற்றைச் சுண்டினார். “அவியளுக்கு நான்னா ஆகாதுலே. ஆனா எம் பொண்ணை ஒரு சொல்லு சொன்னதில்ல. சரி, கம்பு நடு. வாய் பாத்துக்கிட்டு நிக்கான்.”

நட்டேன். கண்ணில் தூசி. மாநகராட்சி இந்தத் தெருவைப் பெருக்குவதே இல்லை.

ஆகஸ்ட் 15, வியாழன்

எழுந்தது: 15. நடந்தது: தெருமுனை வரை இரண்டு தடவை. விழுந்தது: இந்த இரண்டரை மாதத்தில் ஒருமுறைகூட இல்லை.

நாளை சோதனை. தேறிவிடுவார். நான் நடத்திய பாடத்தில் இவ்வளவு உறுதியாகத் தேறுவார் என்று நான் சொல்லக்கூடிய ஒரே மாணவர். பெட்டியில் வேட்டிகளை மடித்து வைத்தேன். தொப்பியை வைத்தேன். கயிற்றை வைத்தேன். பிறகு, அங்கே இதன் மறு முனையை யார் பிடிப்பார்கள் என்று தோன்றியது. எடுத்துவிட்டேன். துணி காயப்போட வேண்டும் அல்லவா?

ஆகஸ்ட் 16, வெள்ளி

பொன்மாலையிலிருந்து ஒரு மேற்பார்வையாளர் வந்தார். கையில் படிவம், நேரம் பார்க்கும் கடிகாரம். வடிவு லீவு போட்டிருந்தாள்.

“அய்யா, எந்திரிச்சு நில்லுங்க பாப்போம்.”

மாமா அவரைப் பார்த்தார். “மனுவை ஆபீஸ்ல குடுங்க.”

“அய்யா, எந்திரிங்க.”

அசையவில்லை. மேற்பார்வையாளர் என்னிடம் திரும்பினார். “நீங்க சொன்னா கேப்பாராமே? பிசியோ சொன்னாங்க. சொல்லிப் பாருங்க சார்.”

கயிறு என் சட்டைப் பையில் புடைத்துக்கொண்டிருந்தது. ‘சார், வெயில் ஏறுறதுக்குள்ள’ என்று மூன்று சொல் சொன்னால் போதும்.

சொன்னேன். முறையாகத்தான் சொன்னேன், ஒரு மருமகன் சொல்ல வேண்டிய விதத்தில்.

“மாமா, எந்திரிங்க.”

இருபத்தொரு வருடத்தில் அவரை நான் அப்படிக் கூப்பிட்டதில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார்.

“வாங்க மாப்ள” என்றார். “உக்காருங்க. கால் வரமாட்டேங்குது. எந்திரிக்கலைனு தப்பா நெனச்சுக்கிடாதிய.”

அந்த மனிதர் ஐந்து நிமிடம் காத்திருந்தார். கடிகாரத்தை நிறுத்தினார். படிவத்தில் ‘தகுதி இல்லை’ என்று எழுதினார். கையெழுத்துப் போட்டேன். எனக்கு வராத பதவிகளுக்கெல்லாம் இதே சொற்களைத்தான் எழுதியிருப்பார்கள். இந்த ஒருமுறைதான் நான் மேல்முறையீடு செய்யப்போவதில்லை.

கார் தெருமுனை திரும்பியது. நான் சட்டைப் பையிலிருந்து கயிற்றை எடுத்தேன், சிக்கு விழுந்திருந்தது என்பதற்காக.

“ஏல பேச்சி!” என்று எழுந்து நின்றார் மாமா. “போயிட்டானுவளா? வா, வெயில் ஏறுறதுக்குள்ள.”

வடிவு ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். “இவியதான் எந்திரிக்க முடியாதவியளா?”

நாற்காலியின் உயரம் சரியில்லை என்று விளக்கினேன். அது எங்கள் வீட்டு நாற்காலி. இரண்டரை மாதமாக அவர் எழுகிற நாற்காலி. வடிவு தலையை ஆட்டிவிட்டு, பெட்டியிலிருந்த வேட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் அடுக்கப் போனாள்.

ஆகஸ்ட் 17, சனி

சிவகடாட்சம் காலையிலேயே வந்துவிட்டார். “வே, அந்த ஒன்றரை அடி... சுவரைத் தள்ளி வைக்கப் போறியளா?”

“மறு அளவை நிலுவையில் இருக்கிறது. சார் எப்போது முடிப்பார் என்று சொல்ல முடியாது” என்றேன். அல்வாப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டேன். சாருக்குப் பிடிக்கிறது.

எழுந்தது: 14. நடந்தது: தெருமுனை வரை. விழுந்தது: 0. வசவு: தாராளம்.

பேச்சிமுத்து: ஆஜர்.